ஆங்கில உடைமை வினைகளின் வரலாறும் தமிழ்க் குறிப்புவினையும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் உடைமைப் பொருளை உணர்த்தும் ‘ஹேவ்’, ‘ஓன்’, ‘ஓ’ ஆகிய வினைகளின் பொருள் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. செயலைக் குறித்த வினை நிலையைக் குறிப்பதாக மாறிய வரலாற்றை எடுத்துக்காட்டி, அதனைத் தமிழ் மாணவர்க்கு விளக்கக் குறிப்புவினை என்னும் கருத்தாக்கம் பயன்படும் என இது முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: உடைமை வினை, குறிப்புவினை, நான்காம் வேற்றுமை, பொருள் மாற்றம், ஆங்கிலம் கற்பித்தல்.

முன்னுரை

ஆங்கிலத் தொடக்கநிலை வகுப்புகளில் ‘ஹேவ்’ என்னும் வினைக்கு ‘வைத்திரு’ என்று பொருள் கூறும் வழக்கம் உண்டு. கையில் உள்ள பேனாவைக் குறிக்கும்போது இவ்விளக்கம் பொருந்துகிறது. ‘எனக்கு இரண்டு தம்பியர் உளர்’ என்னும் பொருளுக்கு இது பொருந்துவதில்லை. தம்பியரை எவரும் ‘வைத்திருப்பதில்லை’. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என மாணவர் எழுதும் பிழைக்கும் உடைமையைத் தொடர்செயலாகக் கருதும் இவ்விளக்கம் இடமளிக்கிறது எனலாம். இப்பிழையை வெறும் விதிவிலக்காக மனப்பாடம் செய்விப்பதைவிட, வினையின் வரலாற்றைக் கொண்டு விளக்குவதே பொருத்தமாகும்.

பற்றுதலிலிருந்து உடைமைக்கு

‘ஹேவ்’ என்பது பழைய ஆங்கில ‘ஹப்பன்’ என்பதன் வழிவந்தது. இதன் இந்தோ-ஐரோப்பிய வேர் ‘பற்றுதல்’ என்னும் பொருளுடையது. ‘பற்று, எடு’ எனப் பொருள்படும் இலத்தீன் ‘கபெரெ’ இதற்கு இனமான சொல்லாகும். மூலமொழியின் ககரம் செருமானியக் கிளையில் ஹகரமாகத் திரியும் என யாக்கோபு கிரிம் 1822இல் விளக்கிய ஒலிமாற்ற விதி இவ்வுறவைத் தெளிவாக்குகிறது. ஒலியாலும் பொருளாலும் மிக நெருங்கித் தோன்றும் இலத்தீன் ‘ஹபேரெ’ வேறொரு வேரிலிருந்து பிறந்தது.

பற்றுதல் செயல், பற்றியதன் விளைவாகப் பொருள் தன்னிடம் இருத்தல் நிலை. செயலின் பெயர் நிலைக்கு ஆகி வந்ததே ‘ஹேவ்’ என்பதன் வளர்ச்சி. அதன்பின் உறவு, உறுப்பு, பண்பு, நோய் ஆகிய அனைத்தையும் இவ்வொரு வினையே ஏற்றது. நிலையைக் குறிப்பதனாலேயே உடைமைப் பொருளில் இது தொடர்வினை வடிவம் பெறுவதில்லை. உண்ணுதல் முதலிய செயற்பொருளில் வரும்போது ‘ஹேவிங் லஞ்ச்’ என அவ்வடிவம் இயல்பாக வருகிறது.

உடைமையும் கடனும்

பழைய ஆங்கிலத்தின் மற்றோர் உடைமை வினை ‘ஆகன்’. இதுவே இன்று கடன்படுதலைக் குறிக்கும் ‘ஓ’ ஆயிற்று. இதன் இறந்தகால வடிவம் கடப்பாட்டை உணர்த்தும் ‘ஆட்’ என்னும் துணைவினையாக நின்றது. இதனோடு உறவுடைய ‘ஆக்னியன்’ என்பதிலிருந்து ‘ஓன்’ வந்தது. உடைமையைக் குறித்த சொல் கடனைக் குறித்தது முரணாகத் தோன்றலாம். ‘செலுத்துவதற்கு உடையவன்’ என்னும் தொடரமைப்பே இம்மாற்றத்திற்கு வழிவகுத்தது. ‘ஹேவ் டு’ என்னும் இக்காலக் கடப்பாட்டு வடிவமும் இத்தகைய வழியிலேயே உருவானது. ‘ஓ’ என்பதை உடைமைப் பொருளில் சேக்சுபியர் கையாண்டிருப்பதால், பழம்பொருள் அவர் காலம்வரை நிலவியமை புலனாகிறது. தமிழில் ‘கடன்’ என்னும் ஒரே சொல் கடமையையும் திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிப்பது இங்கு ஒப்புநோக்கத் தக்கது.

தமிழின் உடைமை அமைப்பு

தமிழ் உடைமையைப் பெரும்பாலும் இருத்தலாகவே கூறுகிறது. ‘எனக்கு வீடு உண்டு’ என்பதில் வீடே எழுவாய். உடையவர் நான்காம் வேற்றுமை ஏற்கிறார். இலத்தீனிலும் ‘ஹபேரெ’ வினையோடு இத்தகைய நான்காம் வேற்றுமை அமைப்பும் வழங்கியது. 1960இல் வெளியான கட்டுரையில் எமில் பென்வெனிசுத்து, உடைமை வினையை ‘ஒருவர்க்கு இருத்தல்’ என்பதன் தலைகீழ் வடிவமாக விளக்கினார். எனவே ‘ஹேவ்’ போன்ற ஒரு வினை இன்மையை மொழியின் குறையாகக் கருதுதல் தவறாகும்.

தமிழில் உடைமைச் சொல்லே இல்லை என்பதும் பொருந்தாது. ‘உடையேன்’, ‘உடையர்’ ஆகியன உடையவரையே எழுவாயாகக் கொள்ளும் குறிப்பு வினைமுற்றுகள். அன்புடைமை முதல் நாணுடைமை வரை திருக்குறளின் பத்து அதிகாரத் தலைப்புகள் ‘உடைமை’ என முடிகின்றன. ‘உண்டு’ என்பதும் குறிப்புவினையே. தெரிநிலை வினை தொழிலையும் காலத்தையும் வெளிப்படக் காட்டும். குறிப்புவினை காலத்தைக் குறிப்பால் உணர்த்தும்.

‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ என்பதற்கு ‘இரண்டு தம்பியரை உடையேன்’ எனப் பொருள் கூறினால், அங்கே தொழில் நிகழவில்லை என்பதை மாணவர் தம் மொழி இலக்கணத்தாலேயே உணர்வர். இவ்வொப்புமைக்கு எல்லையும் உண்டு. ‘ஹேவ்’, ‘ஹேட்’ எனக் காலம் காட்டி நிற்பதால் ஆங்கில வினை முற்றிலும் குறிப்புவினை ஆகாது. ஒப்புமை தொழிலின்மை என்னும் ஒரு கூற்றில் மட்டுமே நிற்கிறது.

முடிவுரை

• ‘ஹேவ்’ பற்றுதல் என்னும் செயற்பொருளிலிருந்து உடைமை என்னும் நிலைப்பொருளுக்கு வளர்ந்தது.

• ‘ஓன்’, ‘ஓ’, ‘ஆட்’ ஆகியன ஒரே சொற்குடும்பத்தைச் சார்ந்தவை; உடைமையும் கடப்பாடும் அதில் இணைந்துள்ளன.

• ‘வைத்திரு’ என்னும் பொதுவிளக்கத்தினும், ‘எனக்கு உண்டு’, ‘உடையேன்’ என்னும் விளக்கங்களே உடைமைப் பொருளில் வரும் ‘ஹேவ்’ வினைக்கு நெருக்கமானவை.

தமிழ் இலக்கணத்தை ஆங்கிலக் கல்விக்குப் புறம்பானதாக ஒதுக்காமல், அதன் கருத்தாக்கங்களைக் கற்பித்தல் கருவிகளாகக் கொள்வது பயன்தரும் என்பதே இவ்வாய்வு காட்டும் முடிவாகும்.