கடலடியில் பேசும் செராமிக்

கடலூர் மாவட்டத்து நல்லூர்ப் பக்கம் செராமிக் என்றால் விருத்தாசலம் சூளையில் வெந்த பொம்மையும் ஃபியூஸ் கட்டையும்தான் நினைவுக்கு வரும். அதே இனத்துப் பண்டம் ஒன்று ஆழ்கடலின் அடியில் கிடந்து நம் கரைக்காகக் குரல் கொடுக்கிறது.

அதன் கதை 1880-இல் தொடங்குகிறது. குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதைப் பாரிஸில் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேட, பால் லாஞ்செவன் குவார்ட்ஸ் துண்டுகளை எஃகுத் தகடுகளுக்கு நடுவே வைத்துக் கடலுக்குள் ஒலி அனுப்பினார். ஆனால் நல்ல படிகம் கிடைப்பதும் அதை அறுப்பதும் பெரும்பாடு. சூளையில் சுட்டெடுக்கும் பண்டமானால் வில்லையோ வளையமோ, வேண்டிய வடிவில் செய்துகொள்ளலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பேரியம் டைட்டனேட் வந்தது. 1954-இல் அமெரிக்காவில் பெர்னார்ட் ஜாஃபியின் குழு, ஈய சிர்கோனேட் டைட்டனேட் அதைவிட வல்லது என்று காட்டியது.

ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் மூன்றின் ஆக்சைடுப் பொடிகளையும் கலந்து அரைத்து, ஒருமுறை சுட்டு, மறுபடி அரைத்து, அச்சில் அழுத்தி, 1,200 டிகிரி செல்சியஸ் அளவில் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகிவிடும் என்பதால் மூடிய மூசைக்குள் வைப்பார்கள். வெளியே வரும் வில்லை இன்னும் ஊமைதான். இருபுறமும் வெள்ளி பூசி, சூடான எண்ணெயில் அமிழ்த்தி, மில்லிமீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட் கொடுப்பார்கள். உள்ளே தாறுமாறாகக் கிடந்த மின் இருமுனைகள் ஒரு திசைக்குத் திரும்பும். பொம்மைச் சூளையில் இல்லாத வேலை இது. இதில்தான் விஷயமே இருக்கிறது. அதன்பின் மாறுமின்சாரம் கொடுத்தால் வில்லை அதிரும், ஒலி மோதினால் மின்சாரம் தரும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை என்று கடலூர்க் கரையே உயிர்களைப் பறிகொடுத்தது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் திறக்கப்பட்டது. அதற்கான ஆழ்கடல் அழுத்தமானிகளையும் மிதவைகளையும் இறக்கிப் பராமரிப்பதில் சென்னை பள்ளிக்கரணையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நீர்மட்டம் சில சென்டிமீட்டர் மாறினாலும் அழுத்தமானி உணரும். ஆனால் ரேடியோ அலை உப்புநீரில் வெகுதூரம் போகாது. ஜப்பானிலும் கனடாவிலும் கடலடிக் கேபிள் செய்தியைக் கரைக்குக் கொண்டுவருகிறது. மிதவை முறையில் அந்த வேலையைச் செய்வது இந்தச் செராமிக் எழுப்பும் ஒலி. நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகம்; 3,000 மீட்டர் ஆழத்திலிருந்து இரண்டே நொடியில் மிதவைக்கு, அங்கிருந்து செயற்கைக்கோளுக்கு.

செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனம் விருத்தாசலத்திலேயே இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இப்படி ஒரு வில்லையைத் தம் கையால் அழுத்தி, சுட்டு, எண்ணெயில் மின்னேற்றிப் பார்க்க அரசு வழிசெய்ய வேண்டும். ஈயம் நஞ்சு, பேரியம் டைட்டனேட்டில் தொடங்கலாம்.