ஆறாவது உறுப்பினர்: ஆங்கிலத் துப்பறியும் நாவலில் முதியோர்

1927 டிசம்பரில் 'ராயல் மேகசின்' என்னும் ஆங்கில இதழில் அகதா கிறிஸ்டியின் 'செவ்வாய் இரவுக் கழகம்' என்ற சிறுகதை வெளிவந்தது. செயின்ட் மேரி மீட் என்னும் கற்பனைச் சிற்றூர். ஒரு பழைய வீட்டின் கூடம். எழுத்தாளர், பெண் ஓவியர், பாதிரியார், வழக்கறிஞர், ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் தலைவர் ஆகியோர் கூடியிருக்கின்றனர். வாரந்தோறும் ஒருவர் தாம் அறிந்த மர்மம் ஒன்றைக் கூற, ஏனையோர் விடை காண்பது என முடிவாகிறது. கழகம் காண்போர் முதற்கண் செய்வது தலைகளை எண்ணுவதுதான். இஃது எந்நாட்டுக்கும் பொது. எண்ணிப் பார்த்து ஐவர் என்கின்றனர். கணப்பருகே கம்பளி பின்னிக்கொண்டிருந்த மிஸ் மார்ப்பிள் தம்மை விட்டுவிட்டதை நினைவூட்டுகிறார். விடுபட்டவர் அவ்வீட்டிற்கே உரியவர்! ஐவரும் திகைத்து நிற்க, விடையைச் சொல்பவரும் அவரே.

இம்மூதாட்டிக்கு முன்னோடிகள் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் அன்னா காதரின் கிரீன் 1897-இல் படைத்த அமீலியா பட்டர்வொர்த் என்னும் மணமாகாப் பெண்மணி, தமக்குப் பிறர் செய்தி அறியும் ஆவல் இல்லை என்று சொல்லிக்கொண்டே நள்ளிரவில் அண்டை வீட்டைச் சன்னல் வழியே பார்ப்பவர். இங்கிலாந்திலோ வரலாறு வேறோர் உண்மையையும் சேர்த்தது. முதல் உலகப் போருக்குப் பின் எடுக்கப்பட்ட 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆடவரினும் மகளிர் ஏறத்தாழ 17 இலட்சம் மிகுந்திருந்தனர். அவர்களை 'மிகை மகளிர்' என்றே செய்தித்தாள்கள் எழுதின. மகளிரை மிகை என்று பெயரிட்ட ஒரு சமுதாயம் அவர்களை எண்ண மறந்ததில் வியப்பில்லை. மார்ப்பிள் தோன்றிய அதே 1927-இல் டோரதி சேயர்ஸ் எழுதிய நாவலில், பிரபு மரபைச் சேர்ந்த துப்பறிவாளர் மிஸ் கிளிம்ப்ஸன் என்ற முதிய கன்னியைத் தம் உளவாளியாக அமர்த்துகிறார். யாரும் ஐயுறாத ஒருவர் எதையும் கேட்கலாம் அல்லவா?

மார்ப்பிளின் பிறப்பில் ஒரு சினமும் கலந்துள்ளது. 1926-இல் கிறிஸ்டி எழுதிய 'ரோஜர் ஆக்ராய்டின் கொலை' நாவலில் கரோலின் என்னும் மருத்துவரின் தமக்கை வருகிறார். வீட்டை விட்டு நகராமலே ஊர்ச்செய்தி அனைத்தும் அறிபவர். 1928-இல் இந்நாவல் நாடகமானபோது அவரை நீக்கி, அவரிடத்தில் ஓர் இளம்பெண்ணை வைத்தனர். கரோலினை இழந்ததில் தமக்கிருந்த வருத்தத்திலிருந்தே மார்ப்பிள் பிறந்திருக்கலாம் எனக் கிறிஸ்டி தம் தன்வரலாற்றில் குறிக்கிறார். நாடகம் மேடையேறுமுன்பே முதற்கதை அச்சேறிவிட்டது. எனினும் நாடகமாக்கும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருக்கும் என்பதால் அவர் கூற்றை ஐயுற வேண்டுவதில்லை.

1930-இல் வந்த முதல் மார்ப்பிள் நாவலில் நகை இவர்மேல்தான் பாய்கிறது. பாதிரியாரின் இளம் மனைவிக்கு இவர் ஊரிலேயே கொடிய வம்புக்காரி. காவல் ஆய்வாளருக்குத் தொல்லை தரும் கிழவி. பாதிரியார் மட்டும் இவரிடம் நகைச்சுவை உண்டென்று கண்டுகொள்கிறார். நம் அக இலக்கியம் அம்பல் என்றும் அலர் என்றும் ஊர்ப்பேச்சை இருவகையாக்கிக் காட்டும். அங்கு அது காதலரை வருத்துவது. இங்கோ கொலையாளியைப் பிடிப்பது. மீன்காரரின் பையன் செய்த குறும்போடு ஒப்பிட்டு ஒரு கொலையை விளக்கும்போது கேட்போர் முதலில் சிரிக்கின்றனர். பின்னர் சிரிப்பவர் மார்ப்பிள்.

தொடக்கத்திலேயே இவரை அறுபத்தைந்து வயதைக் கடந்தவராக ஆக்கிவிட்டதற்குக் கிறிஸ்டி பின்னாளில் வருந்தினார். ஆயினும் அம்முதுமையை அவர் மறைக்கவில்லை. 1957-இல் வந்த நாவலில் உடல் இடம் தராமையால் பிணத்தைத் தேட ஓர் இளம்பெண்ணை அனுப்புகிறார் மார்ப்பிள். 1962-இல் வந்ததில் பின்னலில் கண்ணிகள் நழுவுகின்றன. குழந்தையைப்போல் தம்மை நடத்தும் துணைப்பெண்ணைப் போக்குக்காட்டி அனுப்பிவிட்டுத் தனியே உலாவச் செல்கிறார். இவ்விடங்களே மார்ப்பிள் கதைகளின் உயிர் எனலாம். புதிரின் விடை மறந்த பின்னும் இவை மறப்பதில்லை.

2020-இல் ரிச்சர்ட் ஆஸ்மன் வெளியிட்ட 'வியாழக்கிழமைக் கொலைக் கழகம்' இம்மரபின் நேர் வாரிசு. கிழமை இரண்டு நாள் தள்ளியிருக்கிறது, அவ்வளவே. கென்ட் மாவட்டத்து முதியோர் குடியிருப்பு ஒன்றில் முன்னாள் ஒற்றர் எலிசபெத், செவிலியாய் இருந்த ஜாய்ஸ், மனநல மருத்துவர் இப்ராகிம், தொழிற்சங்கத் தலைவராயிருந்த ரான் ஆகிய நால்வர் கூடித் துப்புத் துலங்காத பழைய வழக்குகளை ஆராய்கின்றனர். பிறர் எட்டிப்பாராதிருக்க, கூடும் அறையை 'ஜப்பானிய இசைநாடகம்: ஒரு கலந்துரையாடல்' என்னும் பெயரில் பதிவு செய்கின்றனர். கழகம் நடத்தியோர் இவ்வுத்தியின் நுட்பத்தை அறிவர்! புதிரைப் பின்னுவதில் ஆஸ்மன் கிறிஸ்டிக்கு நிகரல்லர். ஆனால் கிறிஸ்டி தனியே அமர்த்திய முதுமைக்கு அவர் தோழமை தந்தார். இங்கு எண்ணிக்கையில் விடுபட்டவர் எவருமில்லை. அறுவரில் ஒருவராய் இருந்த முதுமை இப்போது கழகம் முழுதுமாகிவிட்டது.

நகைக்கு நடுவே இழப்பும் இருக்கிறது. எலிசபெத்தின் கணவருக்கு நினைவு தேய்ந்துகொண்டே வருகிறது. அவ்வழக்குக் கோப்புகளைக் கொணர்ந்த தோழி பென்னி, காவல் ஆய்வாளராயிருந்தவர், இன்று உணர்வின்றிப் படுத்த படுக்கையாய் இருக்கிறார். எலிசபெத் அவரருகே அமர்ந்து, வழக்கு எம்மட்டில் உள்ளது என்பதை ஒன்றுவிடாமல் அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.