நாற்பது நாள் காப்பு: பேறுகால மனநலத்தை வீடே பார்த்துக்கொள்ளும் என்ற கருத்து பற்றி

பிள்ளை பெற்ற பெண்ணின் மனநலம் பொதுச் சுகாதாரத்தின் பொறுப்பாக இவ்வளவு தாமதமாக வந்தது ஏன் என்று தேடினால், 1983-இல் வெளிவந்த ஒரு கட்டுரையின் முன் நிற்காமல் போக முடியாது. க்வென் ஸ்டெர்ன், லாரன்ஸ் க்ரக்மன் ஆகிய இருவரும் 'சோஷியல் சயின்ஸ் அண்ட் மெடிசின்' இதழில் எழுதிய மானிடவியல் விமர்சனம் அது. அவர்கள் பார்வையில், பேறுகால மனச்சோர்வு மேலை நாடுகளில்தான் பெரிதாகத் தெரிகிறது. பிற சமூகங்களைப் பற்றிய இனவரைவியல் நூல்களில் அதற்குச் சான்று அருகியே கிடைக்கிறது. இந்த வேறுபாட்டுக்கு அவர்கள் தந்த விளக்கத்தில் ஆறு கூறுகள் உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய நாட்களைத் தனிக் காலமாகப் பிரித்து வைப்பது, தாயைக் காக்கும் விதிகள், ஒதுக்கி வைத்தல், கட்டாய ஓய்வு, உறவினரும் மருத்துவச்சியும் செய்யும் உதவி, சடங்கும் சீரும் வழியாகக் கிடைக்கும் புதிய மதிப்பு. இவை இருக்கும் இடத்தில் தாய்க்கு மனச்சோர்வு குறைவு என்பது அவர்களின் கருதுகோள்.

அவர்கள் இதைக் கருதுகோளாகத்தான் முன்வைத்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மேலை மருத்துவம் எல்லாவற்றையும் ஹார்மோனில் தேடிக்கொண்டிருந்தபோது சமூகத்தைப் பார்க்கச் சொன்ன கட்டுரை அது. அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது. ஆனால் பின்வந்த பலர் அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டார்கள். 'நம் வீடுகளில் பாட்டி இருக்கிறாள், பத்தியம் இருக்கிறது, இந்த நோய் நமக்கு வராது' என்ற பேச்சுக்கு ஆய்வின் முத்திரை கிடைத்துவிட்டது.

என் முதல் மறுப்பு சான்றின் தன்மை பற்றியது. இனவரைவியல் நூலில் ஒன்று பதிவாகவில்லை என்பதற்கும் அது ஊரில் இல்லை என்பதற்கும் இடையில் நிறைய தூரம் இருக்கிறது. சடங்கைப் பார்க்கப் போனவர் சடங்கை எழுதினார். திண்ணைக்கு உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளிடம் யார் போய்க் கேட்டார்கள்?

இங்கே ஒரு தமிழ்ச் சொல்லை நிதானமாகப் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்றவளை நாம் 'பச்சை உடம்புக்காரி' என்கிறோம். ஆறாத புண்ணைப் போல, சுடாத மண்பாண்டத்தைப் போல அவள் உடம்பு என்ற புரிதல் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. காதில் பஞ்சு வைப்பது, வெந்நீர் ஊற்றுவது, சுக்கும் மிளகும் கருப்பட்டியும் சேர்ந்த பிரசவ மருந்து, பால் சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு என்று எல்லாமே அந்தப் பச்சை உடம்பைச் சுற்றி வருகின்றன. பச்சை மனசு என்று ஒரு சொல் நம்மிடம் வழங்கவில்லை. மனம் புலம்பத் தொடங்கினால் அதுவும் உடம்பின் கணக்கில்தான் சேர்ந்தது: 'பிரசவ ஜன்னி கண்டுவிட்டது' என்றார்கள். காய்ச்சலால் வந்த பிதற்றலையும் மனநோயால் வந்த பிதற்றலையும் அந்தச் சொல் பிரிப்பதில்லை. பழைய ஜன்னிக் கதைகளில் எது தொற்று, எது மனநோய் என்று இன்று பிரித்துச் சொல்வது இயலாத காரியம். அழுகையும் உறக்கமின்மையும் பிள்ளையைத் தூக்கப் பிடிக்காமையுமாக மெதுவாக வரும் சோர்வுக்கோ அந்தப் பெயர்கூடக் கிடைக்கவில்லை. 'பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருப்பா' என்பதோடு அது முடிந்தது. மனச்சோர்வு என்ற பெயரில் தேடி வந்தவருக்கு இந்த வீட்டில் அது எப்படிக் கிடைத்திருக்கும்?

அளவுகோலிலும் இதே சிக்கல் தொடர்கிறது. 1987-இல் ஜான் காக்ஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட எடின்பரோ அளவுகோல் பத்துக் கேள்விகளும் 30 மதிப்பெண்ணும் கொண்டது. ஆங்கில மூலத்தில் மனச்சோர்வுக்கான எல்லைக்கோடு 12-க்கும் 13-க்கும் இடையில் போடப்பட்டது. 2005-இல் தமிழ் வடிவத்தைச் சரிபார்த்தவர்களுக்குக் கிடைத்த கோடு 8-க்கும் 9-க்கும் இடையில் விழுந்தது. அதாவது 9 முதல் 12 வரை மதிப்பெண் பெறும் தமிழ்ப் பெண் மூலக் கோட்டின்படி நலமானவள், தமிழ்க் கோட்டின்படி கவனிக்கப்பட வேண்டியவள். அயல் கோட்டை அப்படியே போட்டுவிட்டு 'இங்கே நோய் குறைவு' என்று எழுதினால், குறைந்திருப்பது நோய் ஆகாது.

இனி வேலூர் ஆய்வுக்கு வருகிறேன். சந்திரன் குழுவினர் 2002-இல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி' இதழில் வெளியிட்டது அது. தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் சந்தித்து, பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் அவர்களில் 301 பேரை மறுபடி சந்தித்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 சதவீதம். ஆய்வாளர்களே சொன்னதுபோல் இது வளமான நாடுகளின் அளவுதான். இந்த எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கோ அதற்கு அடுத்து வரும் காரணங்களின் வரிசைதான் முக்கியம்: குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்திருந்தபோது மகள் பிறந்தது, மாமியாருடனும் பெற்றோருடனும் உறவுச் சிக்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயர நிகழ்வுகள், கைவேலைக்கு உதவி இல்லாமை.

ஸ்டெர்ன்–க்ரக்மன் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் படித்தால் மாமியாரும் பெற்றோரும் இரண்டிலும் இருக்கிறார்கள். அங்கே உறவினர் என்ற பெயரில் காவலாக நிற்பவர்கள், இங்கே காயமாகவும் நிற்கிறார்கள். 'பெற்றோர்' என்ற சொல்லில் நான் நெடுநேரம் நின்றேன். நம் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில். பிள்ளையோடு கணவன் வீடு திரும்புவது பெரும்பாலும் மூன்றாம் மாதம் அல்லது ஐந்தாம் மாதம். ஆய்வு நடந்த 6 முதல் 12 வாரங்கள் என்பது தலைப்பிள்ளைக்காரி தாய்வீட்டில் இருக்கும் காலம். அங்கே இருந்தும் மாமியாருடனான சிக்கல் அவளைத் தொடர்கிறது என்றால், தொலைவு அவளுக்குப் பாதுகாப்பாகவில்லை. பெற்றோருடனான சிக்கலும் சேர்ந்தால் போக வேறு வீடும் இல்லை. இது என் வாசிப்பு. அந்தப் பெண்கள் அந்த வாரங்களில் எந்த வீட்டில் இருந்தார்கள், எத்தனையாவது பிரசவம் என்று பிரித்துப் பார்த்தால்தான் இது உறுதிப்படும். ஆயினும் தாய்வீடு என்றாலே ஆறுதல் என்று எழுதிவிட்டுப் போவதைவிட இந்த வாசிப்பு சான்றுக்கு நெருக்கமானது என்றே கருதுகிறேன்.

ஆறாவது கூறான சடங்கு வழி மதிப்பு இன்னும் பலவீனமானது. மகன் பிறந்த வீட்டில் சீர் மதிப்பாகிறது. மகள் பிறந்த வீட்டில் வராமல் போன மாமியார், குறைந்துபோன பலகாரத் தட்டு, பேச்சில்லாமல் நடந்து முடிந்த தொட்டில் போடும் நாள் எல்லாமே அவளுக்குக் கிடைத்த தீர்ப்பு. சடங்கே அளவுகோலாகி அவளை அளக்கிறது. பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் அரசே தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது என்பதை இங்கே மறக்கலாகாது.

அவர்கள் சொன்ன ஆறில் ஒன்று மட்டும் வேலூரில் நிலைத்து நிற்கிறது: உதவி. துணி துவைக்க, தண்ணீர் தூக்க, இரவில் பிள்ளையை ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்ள ஒரு கை. காப்பு என்பது நாற்பது என்ற எண்ணில் இல்லை, அந்தக் கையில் இருக்கிறது.

கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் அதே 2002-இல் 23 சதவீதத் தாய்மாரிடம் மனச்சோர்வு கண்டார்கள். நாற்பது நாள் 'சில்லா' வழக்கம் உள்ள ராவல்பிண்டிக் கிராமங்களில் ஆதிஃப் ரஹ்மான் குழுவினர் 2003-இல் கண்டது 28 சதவீதம். வீடே பார்த்துக்கொள்ளும் என்ற வாதம் இதற்குப் பிறகு நிற்கவில்லை. திட்டம் வகுக்கும் வேலை தொடங்கியது.

அந்த வேலையில் முன்னோடி ராவல்பிண்டிதான். மருத்துவரை அனுப்பாமல், ஏற்கெனவே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த லேடி ஹெல்த் ஒர்க்கர்களுக்கே பயிற்சி தந்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதம் தொடங்கிப் பிள்ளைக்குப் பத்து மாதம் ஆகும்வரை 16 சந்திப்புகள். நோய் என்ற பேச்சை முன்னே வைக்காமல் பிள்ளையின் வளர்ச்சியை முன்னே வைத்ததால் வீட்டுக் கதவு திறந்தது. குடும்பத்தாரையும் பேச்சில் சேர்த்தார்கள். 2008-இல் 'லான்செட்' வெளியிட்ட முடிவு: பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது பயிற்சி பெற்ற ஊழியர் வந்த பகுதிகளில் 23 சதவீதத் தாய்மாரும், வழக்கமான வருகை மட்டும் இருந்த பகுதிகளில் 53 சதவீதத் தாய்மாரும் மனச்சோர்வில் இருந்தார்கள். பிள்ளைகளின் எடையிலும் உயரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2015-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறைக்கான கையேட்டை வெளியிட்டது.

இந்தியாவில் தேசிய மனநலத் திட்டம் 1982-இல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது திருச்சிராப்பள்ளி அவற்றில் ஒன்று. தாயையும் சேயையும் சேர்த்தே அனுமதிக்கும் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009-இல் அமைந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. இவை மருத்துவமனை வாசலை எட்டியவளுக்கானவை.

வாசலை எட்டாதவளுக்கு வீட்டு வருகை உண்டு. அதன் நாட்காட்டியைப் பாருங்கள். 2011-இன் பச்சிளங்குழந்தை வீட்டுப் பராமரிப்புத் திட்டப்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் ஊழியர் வருகை. 2018-இல் சேர்ந்த இளங்குழந்தைத் திட்டப்படி அடுத்த வருகை மூன்றாம் மாதத்தில். வேலூர் ஆய்வு மனச்சோர்வைக் கண்ட 6 முதல் 12 வாரங்கள், ஒரு திட்டம் முடிந்து அடுத்தது தொடங்காத அந்த இடைவெளிக்குள் அப்படியே அடங்கிவிடுகின்றன. நாற்பது நாள் சடங்கு முடியும் வேளையில் அரசின் வருகையும் முடிகிறது.

அதே இடைவெளியில், பத்தாவது வாரத் தடுப்பூசிக்காக அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துணைச் சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். பிள்ளையின் தொடையில் ஊசி போட்டு, அட்டையில் தேதி எழுதி அனுப்பும் கிராம சுகாதாரச் செவிலியர், 'நீ தூங்குறியாம்மா? கைக்கு உதவி யாராவது இருக்காங்களா?' என்று தாயிடமும் கேட்க வேண்டும். அந்தப் பதிலை எழுத அட்டையில் ஓர் இடத்தையும், பதில் கவலை தருமானால் அவளை அனுப்ப ஒரு வழியையும் சுகாதாரத் துறை ஏற்படுத்தித் தர வேண்டும்.