குடையும் செருப்பும் ரவிக்கையும்

பள்ளிக்கூடத்துக்கு முழுப் பரீட்சை லீவு விட்டதும் அருப்புக்கோட்டையிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் வேன் பிடித்துத் திருச்செந்தூர் போவது எங்கள் பக்கத்து வழக்கம். பந்தல்குடி, எட்டயபுரம், தூத்துக்குடி தாண்டினால் கடல். ஆண்கள் ஜட்டியோடோ துண்டோடோ இறங்கிவிடுவார்கள். பெண்கள் சேலையோடும் சுடிதாரோடும் இறங்குவார்கள். நைட்டி போட்டவர் மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார். அலை அடித்ததும் ஆணின் கை மூக்கைப் பிடிக்கப் போகும், பெண்ணின் கை மாராப்புக்குப் போகும். பிறகு நனைந்த சேலையின் கனத்தோடு கரையேறி, நாலு பேர் சுற்றி நின்று துணியை மறைப்பாகப் பிடிக்க, உள்ளே ஒருத்தி உடை மாற்றுவாள்.

கோடையில் கடற்கரைக்கு என்ன உடுத்திப் போகலாம் என்று பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. மெல்லிய பருத்தி, வெளிர் நிறம், அகலத் தொப்பி, காலுக்குச் செருப்பு. நல்ல யோசனைதான். ஆனால் வெயிலுக்கு எது வேண்டும் என்பது எங்கள் கரிசல்காட்டில் எல்லோருக்கும் எப்போதும் தெரியும். எடுத்து உடுத்த யாருக்கு அனுமதி இருந்தது என்பதில்தான் சிக்கல்.

இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர்கள் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். பொன் நகையும் வெள்ளி நகையும் கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் போகக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ உடம்பின் மேற்பகுதியை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது.

எட்டில் ஒன்றுதான் பாத்திரம் பற்றியது. மீதி ஏழும் உடம்பைப் பற்றியவை. சித்திரை மாதம் உச்சிவேளையில் கரிசல் வெடித்துக் கிடக்க, நெருஞ்சியும் கருவேல முள்ளும் காலில் ஏறும் பூமியில் செருப்பையும் குடையையும் பிடுங்குவது என்றால் என்னவென்று இங்கே நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள். குடைத் தடை ஆண்களுக்கு மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. பெண்கள் குடை பிடிப்பார்கள் என்று தடை போட்டவர்களுக்குத் தோன்றவேயில்லை போலும்.

ஆறு மாதம் கழித்து, 1931 ஜூனில், எட்டு பதினொன்றாகிறது. பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது. தலைச் சும்மாட்டுக்குக்கூடத் துணி கூடாது, வைக்கோல்தான் வைக்க வேண்டும். பிள்ளைகள் படிக்கக் கூடாது. காலை 7 மணி முதல் மாலை 6 வரை வேலை, ஆணுக்குக் கூலி 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

பட்டியல் ஏன் நீண்டது? முதல் பட்டியலை மக்கள் மதிக்கவில்லை. யாரோ ஒருத்தி ரவிக்கை போட்டிருக்கிறாள். யாரோ ஒருத்தி பூ வைத்துக்கொண்டு தெருவில் நடந்திருக்கிறாள். அவர்கள் பெயர் எந்த ஆவணத்திலும் ஏறவில்லை. ஆனால் அந்த இரண்டாவது பட்டியலே அவர்கள் இருந்ததற்குச் சாட்சி.

தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்களின் தோள்சீலைப் போராட்டம் 1820களில் தொடங்கி 1859 வரை நீண்ட கதை பலருக்கும் தெரிந்ததே. அருப்புக்கோட்டையில் கடை வைத்து உயர்ந்த நாடார்களுக்கும் அது அந்நியக் கதையல்ல. அதில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. 1859 ஜூலை 26 அரச அறிவிப்பு நாடார் பெண்களுக்கு மார்பை மூடிக்கொள்ள அனுமதி தந்தது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அல்ல. கிறிஸ்தவப் பெண்களின் குப்பாயம் போடலாம், அல்லது முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம் என்றது. கடற்கரையில் மீன் விற்று உழைத்த பெண்ணின் உடுப்பைத்தான் மன்னர் 'அவர்களுக்கு இது போதும்' என்று காட்டினார்.

இதைச் சொல்லும்போது நம் பாட்டிமார் நினைவுக்கு வருவார்கள். பின்கொசுவம் வைத்து, ரவிக்கை இல்லாமல், வெயிலில் சௌகரியமாக நடமாடிய பெண்கள் எல்லாச் சாதியிலும் இருந்தார்கள். ரவிக்கைதான் மானம் என்று அவர்களிடம் சொன்னால் சிரித்திருப்பார்கள். அதனால் ரவிக்கையே விடுதலை என்று எழுதிவிட எனக்குக் கை வரவில்லை. போடாமலிருப்பது வேறு, போடக் கூடாது என்பது வேறு.

2016 கோடையில் பிரான்சின் கடற்கரை ஊர்கள் சில, உடல் முழுதும் மூடும் புர்கினிக்குத் தடை போட்டன. நீஸ் நகரக் கடற்கரையில் போலீசார் சூழ்ந்து நிற்க ஒரு பெண் தன் மேலாடையைக் கழற்றும் படம் உலகமெங்கும் போனது. ஆகஸ்ட் 26 அன்று அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அப்படி ஓர் ஊரின் தடையை நிறுத்திவைத்தது. அங்கே மூடியது குற்றம். திருச்செந்தூரில் மாராப்பு விலகினால் குற்றம்.

சாலியரும் தேவாங்கரும் தறியில் நெய்த பருத்திச் சேலைக்கு அருப்புக்கோட்டை பேர் போனது. அதே ஊரைச் சுற்றிய காடுகளில் இன்று கூலிக்குப் போகும் பெண்ணைப் பாருங்கள். சிந்தெடிக் சேலை; அதன் மேல் வீட்டு ஆணின் பழைய முழுக்கைச் சட்டை; தலையில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் இப்படித்தான். வெயிலும் சொணையும் படாமல் இருக்க இதைவிட நல்ல உடுப்பு கிடையாது. எந்தக் கோடைச் சிறப்பிதழும் இதைப் படம் பிடித்ததாக நான் பார்த்ததில்லை. 1930இல் ஆணுக்கே மறுக்கப்பட்ட அந்தச் சட்டையை அவள் சேலை மேல் போட்டு, பொத்தானை மாட்டி, காலையில் காட்டுக்குப் போகிறாள். மாலையில் ஊர் எல்லை வந்ததும் சிலர் அதைக் கழற்றிச் சுருட்டிக் கூடைக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.