சாம்பல் நிற மனிதனும் கடற்புயலும்

இரவில் தோட்டத்தை முனியாண்டி காவல் காக்கிறார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலக் கரையிலும் அப்படியொரு காவல் ஆவியின் கதை வழங்கி வருகிறது.

பாலீஸ் தீவில், தான் மணக்கவிருந்த பெண்ணைக் காண விரைந்த இளைஞன் ஒருவன் வழியில் சேற்றில் புதைந்து இறந்தானாம். துயரத்துடன் கடற்கரையில் நடந்த அப்பெண்ணின் முன் சாம்பல் நிற உருவமொன்று தோன்றி, உடனே வெளியேறும்படி எச்சரித்ததாம். அவள் குடும்பத்தோடு வெளியேறிய பின் 1822-ஆம் ஆண்டுப் புயல் தாக்கியது என்பர். புயல் வரலாறு, உருவம் கதை.

அதே மாநிலத்தின் தென்கரைத் தீவுகளில் கல்லா மக்கள் வாழ்கின்றனர். நெல், பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்கரின் வழிவந்தவர்கள் இவர்கள். ஆவி அண்டாதிருக்கக் கதவுக்கும் சன்னலுக்கும் நீலச் சாயம் பூசுவது இவர்களின் வழக்கம். ஆவியால் நீரைக் கடக்க முடியாது என்பது நம்பிக்கை.

ஆனால் 1893 ஆகஸ்டு 27 இரவு அந்த நீரே எமனாக வந்தது. பெரும்புயல், கடல் ஏற்றத்தோடு சேர்ந்து கரையேறியது. ஆழமற்ற கடலில் காற்று தள்ளும் நீர் குவிந்து உயரும். தாழ்ந்த தீவுகளுக்கு அதைத் தடுக்க மேடேது? சுமார் 2,000 பேர் மாண்டனர். பெரும்பாலோர் கறுப்பின உழைப்பாளிகள். தந்தி வசதியுள்ள நகரங்களுக்குப் புயல் செய்தி கிடைத்தது. தீவுக் குடிசைகளில் பலருக்கு அது எட்டவில்லை.

செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளாரா பார்ட்டன் அம்மையார் தமது 71-ஆம் வயதில் அங்கு வந்து, பல மாதங்கள் தங்கிப் பணியாற்றினார். சுமார் 30,000 பேருக்கு உணவு வழங்கப்பட்டது. அதோடு நிற்காமல் விதைகளும் கொடுத்தார். உப்புநீர் வடிய மக்களே வாய்க்கால் வெட்டினர். மண் மீண்டும் விளைந்தது.

1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் அதே மாநிலத்தைத் தாக்கியது. அப்போதும் சாம்பல் மனிதனைக் கண்டதாகச் சிலர் கூறினர். ஆனால் பெருந்தொகையான மக்களைக் காத்தது, துணைக்கோளமும் வானொலியும் முன்கூட்டியே தந்த எச்சரிக்கைதான். வீடுகள் பல அழிந்தன. உயிரிழந்தோர் 1893-ஐவிட மிகமிகக் குறைவு.

நேயர்களே, எச்சரிக்கை கேட்டால் தாமதியாமல் வெளியேறு என்பதே அக்கதையின் சாரம். மழைக்காலத்தில் வானொலி வெள்ள எச்சரிக்கை தரும்போது, ஆற்றோரம் குடியிருக்கும் நாம் தட்டுமுட்டுச் சாமான்களை எண்ணித் தயங்கக் கூடாது. குழந்தைகளையும் முதியோரையும் முதலில் மேட்டுக்கு அனுப்புங்கள். அண்டைவீட்டாருக்கும் சொல்லுங்கள். செய்தி எட்டாத வீடு ஒன்றுகூட இருக்கலாகாது.