சட்டம் எழுதினது எப்போ, மக்கள் பின்பற்றினது எப்போ? எலிஃபன்டைன் தீவின் யூதர்கள்

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு மனுவைப் பத்தி.

தேதி: கி.மு. 407, நவம்பர் 25. இடம்: எகிப்தின் தெற்கு எல்லை. இன்றைய அஸ்வான் நகரத்துக்கு எதிரே, நைல் நதிக்கு நடுவில் இருக்கிற எலிஃபன்டைன் என்ற சின்னத் தீவு. அனுப்புநர்: யெதானியா என்கிற யூதத் தலைவரும் அவருடன் இருந்த ஆசாரியர்களும். பெறுநர்: யூதேயாவின் ஆளுநர் பாகோகி. பொருள்: எங்க கோயிலை இடிச்சுட்டாங்க, திரும்பக் கட்ட உதவி பண்ணுங்க.

பார்க்க சாதாரண மனுதான். ஆனா பைபிள் தெரிஞ்சவங்களுக்கு ஒரு இடத்தில் இடிக்கும். உபாகமம் 12ஆம் அதிகாரம் என்ன சொல்லுது? பலி செலுத்துவது கடவுள் தேர்ந்தெடுத்த ஒரே இடத்தில்தான் நடக்கணும். அந்த இடம் எருசலேம் என்றுதான் யூத மரபு புரிந்துகொண்டது. அப்படின்னா எகிப்தில் யாவேக்கு ஒரு கோயில் எப்படி வந்தது? அதுவும் ரகசியமா இல்ல. அது இடிக்கப்பட்டதும் இவங்க எருசலேமின் தலைமை ஆசாரியருக்கே கடிதம் போட்டிருக்காங்க. தப்பு பண்றோம்னு நினைக்கிறவங்க தலைமை அலுவலகத்துக்கே லெட்டர் போடுவாங்களா?

இந்த ஒரு கேள்வி 100 வருஷத்துக்கும் மேல அறிஞர்களைத் தூங்கவிடல.

தாள்கள் கிடைச்ச கதை

1893இல் சார்லஸ் எட்வின் வில்பர் என்ற அமெரிக்கர் அஸ்வானில் சில பாப்பிரஸ் சுருள்களை வாங்கினார். அதைப் பத்தி வெளியே சொல்றதுக்கு முன்னாடியே, 1896இல் இறந்துட்டார். சுருள்கள் பெட்டியிலேயே கிடந்தன. அவர் மகள் வழியாக புரூக்ளின் அருங்காட்சியகத்துக்கு வந்து, 1953இல்தான் புத்தகமாக வெளிவந்தன. இதற்கிடையில் 1904இல் வேறு சுருள்கள் விற்பனைக்கு வந்தன. 1906-07இல் ஓட்டோ ரூபன்சோன் தலைமையில் ஜெர்மானியர்கள் தீவிலேயே தோண்டினார்கள். நாம ஆரம்பத்தில் பார்த்த மனு அந்த அகழாய்வில் கிடைத்ததுதான்.

எல்லாம் அரமாயிக் மொழியில் இருக்கு. அன்றைய பாரசீகப் பேரரசின் அலுவல் மொழி அது. கடன் பத்திரம், வீட்டுப் பத்திரம், கல்யாண ஒப்பந்தம், கணக்கு, கடிதம். புனித நூல் எழுதுறவங்களுக்கு அடுத்த தலைமுறை என்ன நினைக்கணும்னு ஒரு அக்கறை இருக்கும். வீட்டுப் பத்திரம் எழுதுறவருக்கு அப்படி எதுவும் கிடையாது. நமக்கு அதுதான் லாபம்.

இவங்க யார்?

பாரசீகர்களுக்காக எகிப்தின் எல்லையைக் காத்த கூலிப்படை வீரர்களும் அவங்க குடும்பங்களும். தங்களை 'யெஹுதாயா' என்று சொல்லிக்கிட்டாங்க. 'யூதர்' அல்லது 'யூதேயாக்காரர்' என்று அர்த்தம். பாரசீக அரசர் காம்பிசஸ் கி.மு. 525இல் எகிப்தைப் பிடிக்க வந்தபோதே எங்க கோயில் இங்கே இருந்துச்சுன்னு மனுவில் சொல்றாங்க.

ஒரு குடும்பத்தை மட்டும் பார்ப்போம். அனனியா, யாவே கோயிலில் ஊழியம் பார்ப்பவர். கி.மு. 449இல் அவர் தாமெத் என்ற பெண்ணை மணக்கிறார். தாமெத் எகிப்தியப் பெண், மெசுல்லாம் என்ற யூதரின் அடிமை. கல்யாணத்துக்குப் பிறகும் அடிமைதான். அவளுக்கும் அவள் மகளுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது கி.மு. 427இல். 22 வருஷம் கழிச்சு. ஆனா அதே கல்யாண ஒப்பந்தத்தில் இன்னொரு வரி இருக்கு. சபையில் எழுந்து நின்று 'எனக்கு இந்தத் துணை வேண்டாம்' என்று அறிவிக்கும் உரிமை கணவனுக்கும் உண்டு, மனைவிக்கும் உண்டு. உபாகமம் 24இல் விவாகரத்துச் சீட்டை எழுதிக்கொடுப்பது கணவன் மட்டும்தான்.

கோயில் ஊழியர் எகிப்தியப் பெண்ணை மணந்ததை யாரும் பிரச்சினையாக்கியதாகத் தெரியவில்லை. மிப்தஹியா என்ற இன்னொரு யூதப் பெண், ஒரு சொத்து வழக்கில் எகிப்திய தெய்வம் சாத்தியின் பெயரில் சத்தியம் செய்கிறாள். அதுவும் பத்திரத்தில் பதிவாகிறது. கோயிலுக்கு ஆளுக்கு 2 ஷெக்கேல் வெள்ளி கொடுத்தவர்களின் பட்டியல் ஒன்று கிடைத்திருக்கு. தலைப்பில் யாவேயின் பெயர். ஆனா கடைசியில் பணத்தைப் பிரிக்கும்போது யாவேக்கு 126 ஷெக்கேல், எஷெம்பெத்தேலுக்கு 70, அனாத்பெத்தேலுக்கு 120. அடுத்த ரெண்டும் வேற தெய்வங்களின் பெயர்கள்!

கோயில் இடிஞ்சது ஏன்?

கி.மு. 410. எகிப்தின் பாரசீக ஆளுநர் அர்சாமெஸ் ஊரில் இல்லை. பக்கத்திலேயே க்னூம் என்ற எகிப்திய தெய்வத்தின் கோயில். அதன் பூசாரிகள் உள்ளூர் அதிகாரி விதிரங்காவைக் கையில் போட்டுக்கொண்டார்கள் என்கிறது மனு. அவர் மகன் படையோடு வந்து கல் தூண்களை உடைத்து, 5 கல் வாசல்களைத் தகர்த்து, தேவதாரு மரக் கூரைக்குத் தீ வைத்து, தங்க வெள்ளிப் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு போனார். அன்றிலிருந்து நாங்க சாக்குத்துணி கட்டி உபவாசம் இருக்கோம், எண்ணெய் தேய்ப்பதில்லை, மது குடிப்பதில்லை, எங்க பெண்கள் விதவைகளைப் போல இருக்காங்கன்னு யெதானியா எழுதுகிறார்.

க்னூமுக்குச் செம்மறிக் கிடா புனித விலங்கு. பக்கத்துக் கோயிலில் ஆட்டைப் பலி கொடுத்தது பகைக்கு ஒரு காரணமா இருக்கலாம்னு பலர் ஊகிக்கிறாங்க. ரெண்டு கோயிலுக்கும் நடுவில் இருந்த இடத் தகராறையும் சேர்த்துக்கணும்.

எருசலேம் தலைமை ஆசாரியர் யோகனான் பதில் போடவே இல்லை. மூணு வருஷம் காத்திருந்து, பாகோகிக்கு இந்த மனுவை அனுப்புறாங்க. சமாரியா ஆளுநர் சன்பல்லாத்தின் மகன்களுக்கும் எழுதுறாங்க. எருசலேமும் சமாரியாவும் பைபிளின் நெகேமியா புத்தகத்தில் எதிரிகள். தீவுக்காரங்களுக்கு ரெண்டும் உதவி கேட்கக்கூடிய இடம்தான்.

பதில் வந்தது. பழைய இடத்திலேயே கட்டிக்கோங்க, தானியக் காணிக்கையும் தூபமும் செலுத்தலாம். மனுவில் கேட்டிருந்த தகன பலி பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. இன்னொரு தாளில், ஆடு மாடு பலி கொடுக்க மாட்டோம் என்று ஐந்து பேர் ஒப்புக்கொள்கிறார்கள். கி.மு. 402இன் ஒரு வீட்டு விற்பனைப் பத்திரம் எல்லையாக இந்தக் கோயிலைக் குறிப்பிடுவதால், அது மறுபடி கட்டப்பட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள்.

இல்லாதது என்ன?

இவ்வளவு தாள்களில் மோசே இல்லை. ஆபிரகாம் இல்லை. எகிப்தில் இருந்து விடுதலை பெற்ற கதை, எகிப்திலேயே வாழ்ந்த இவங்க தாள்களில் இல்லை. தோரா என்ற சட்டநூல் பற்றிய பேச்சே இல்லை. இலக்கியம் இருக்கு: அகிகார் என்ற அறிஞரின் கதையும், முதலாம் தாரியு அரசரின் பெகிஸ்தூன் கல்வெட்டின் அரமாயிக் பிரதியும். பைபிளின் ஒரு பக்கம்கூட இல்லை.

முதலில் வந்த அறிஞர்கள் பலர் இதற்குச் சுலபமான பதில் வச்சிருந்தாங்க: தாயகத்தை விட்டு தூரமா வந்து, மதத்தை மறந்து, கலப்படமாகிப் போனவர்கள். ஆனா இந்தப் பதிலுக்குள்ள ஒரு அனுமானம் ஒளிஞ்சிருக்கு. தாயகத்தில் இருந்தவங்க எல்லாரும் அப்போதே தோராவின்படி வாழ்ந்தாங்கன்னு.

அதுதான் இப்போ கேள்விக்குள்ளாகி இருக்கு. சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது பழகின விஷயம். ஸ்பெக் டாக்குமென்ட் எழுதின தேதி வேற, அது ப்ரொடக்ஷனில் ஓட ஆரம்பிச்ச தேதி வேற.

இஸ்ரேலின் ஏரியல் பல்கலைக்கழக தொல்லியலாளர் யோனதான் ஆட்லர் 2022இல் 'யூத மதத்தின் தோற்றம்' பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். தோரா எப்போ எழுதப்பட்டது என்பது அவர் கேள்வி இல்லை. சாதாரண மக்கள் அதை வாழ்க்கையில் கடைப்பிடித்ததற்கு மண்ணுக்குள் எப்போதிலிருந்து சாட்சி இருக்கு? லேவியராகமம் 11 செதில் இல்லாத மீனைத் தடுக்குது. ஆனா பாரசீகர் காலத்து எருசலேமிலேயே கெளுத்தி மீன் எலும்புகள் கிடைக்கின்றன. உருவம் செய்யக்கூடாது என்பது பத்துக் கட்டளையில் ஒன்று. ஆனா அதே காலத்து யூதேயா காசுகளில் ஆந்தையும் மனித முகமும் இருக்கு. சுத்திகரிப்புக்கான படிக்கட்டுக் குளியல் தொட்டிகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்துதான் தெரிகின்றன. அந்தச் சமயத்தில் வந்த ஹஸ்மோனிய அரசர்களின் காசுகளில் முகங்கள் கிடையாது. ஆக, பரவலான நடைமுறைக்கு கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்கு முன் ஆதாரம் இல்லை என்கிறார் ஆட்லர்.

மறுப்பும் இருக்கு

ஆதாரம் கிடைக்கலைன்னா நடக்கலைன்னு சொல்ல முடியுமா? நியாயமான கேள்வி. எலிஃபன்டைனிலேயே எதிர்சாட்சிகள் இருக்கு. கி.மு. 419இல் அனனியா என்ற வேறொருவர் (நம்ம கோயில் ஊழியர் இல்லை) யெதானியாவுக்கு எழுதிய கடிதம், ஒரு மாதத்தின் 15 முதல் 21 வரை புளித்த மாவைத் தவிர்ப்பது பற்றிப் பேசுது. பைபிளின் புளிப்பில்லா அப்பப் பண்டிகைக்கு ரொம்பப் பக்கம். தாள் கிழிஞ்சிருக்கு. 'பஸ்கா' என்ற சொல் மிச்சமிருக்கிற பகுதியில் இல்லை, ஆனா தீவில் கிடைத்த ஓட்டுச் சில்லுகளில் இருக்கு. இதையே ரெண்டு விதமா படிக்கலாம்: சட்டம் இவர்களுக்கும் தெரியும், அல்லது, புதுசா வந்த விதி என்பதால்தான் எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது.

'சப்பாத்' என்ற சொல்லும் சில்லுகளில் வருது. ஒன்றில், நாளைக்கு சப்பாத் அன்று படகில் காய்கறி வருது, போய் இறக்கிக்கோ, விட்டுட்டா உன்னை உயிரோட விடமாட்டேன்னு யாவே மேல ஆணையிட்டு ஒருத்தர் மிரட்டுகிறார். நாள் தெரியும். அன்று வேலை செய்யக்கூடாதுங்கிற பேச்சு மட்டும் காணோம்.

என் பார்வையில், ஆட்லர் சொல்ற தேதி நாளைக்கு மாறலாம். ஒரு பழைய குளியல் தொட்டி கிடைச்சா போதும். ஆனா அவர் கேள்வி மாறாது. புனித நூலை வச்சு 'அப்போ எல்லாரும் இப்படித்தான் வாழ்ந்தாங்க'ன்னு எழுதினா, நாம வரலாறு எழுதலை. சட்டம் எழுதினவங்களோட ஆசையை எழுதுறோம். அந்த அளவுகோலை வச்சுத்தான் யெதானியாவை 'கலப்பட யூதர்' ஆக்கினோம். அவர் தன்னை அப்படி நினைக்கவே இல்லை. அவர் கோயில் இடிஞ்சது, அவர் சாக்குத்துணி கட்டினார், யாவேயிடம் அழுதார். அதுக்கு மேல ஒருத்தர் என்ன சான்றிதழ் காட்டணும்?

அடுத்த தடவை யாராவது ஒரு மதத்தைப் பத்தி 'ஆரம்பத்துல எல்லாம் சுத்தமா இருந்துச்சு, பிறகுதான் கலந்துடுச்சு'ன்னு சொன்னா, ஒரு கேள்வி கேளுங்க: அந்தக் காலத்து வீட்டுப் பத்திரம் என்ன சொல்லுது?