பத்தனையிலிருந்து சென்கிளயர் அருவிக்கு: வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு நடைக் குறிப்பு

மெனிக் பாம் முகாமில் தண்ணீர் பவுசர் எப்போது வரும் என்று எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. 2009ஆம் ஆண்டின் நடுப்பகுதி. வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு அவற்றுக்குப் பக்கத்திலேயே வெயிலில் குந்தியிருப்போம். அப்படியான ஒரு மத்தியானத்தில்தான் அம்மாயி எனக்கு சென்கிளயர் அருவியைப் பற்றிச் சொன்னார்.

"எங்க லயத்து வாசல்ல நின்னா ராவெல்லாம் தண்ணி விழுற சத்தம் கேக்கும் புள்ள. வன்னிக்கு வந்த புதுசுல அந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வரல்ல."

1977 ஓகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு, ஒரு தகரப் பெட்டியோடும் மூன்று பிள்ளைகளோடும் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கிளிநொச்சிக்கு வந்தவர் அவர். திரும்பிப் போய்ப் பார்க்க அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. அவருக்காக நான் போய் வந்தேன். கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற குடியிருப்புகளிலும் வவுனியா, முல்லைத்தீவிலும் இதே கதையுள்ள குடும்பங்கள் பல இருக்கின்றன. போக நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் வழியையும், வழியில் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். வழிகாட்டியோ கட்டணமோ தேவையில்லாத நடை இது.

போகும் வழி

வடக்கிலிருந்து போகிறவர்களுக்கு ஏ9 வீதிதான் நேர்வழி. அந்த வீதி தொடங்குவதே கண்டியில். தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறக்கப்பட்ட நம் முன்னோர் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். நடக்க முடியாதவர்கள் வழியிலேயே செத்தார்கள். மலையகத்துக்கு வந்த 200ஆவது ஆண்டை நினைவுகூர, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்டில் மாத்தளையில் முடிந்த நடைபயணம் அந்தப் பாதையைத்தான் திரும்பவும் நடந்தது. பஸ்ஸில் தம்புள்ளையும் மாத்தளையும் கடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கண்டியிலிருந்து ஹட்டனுக்கு பஸ் இருக்கிறது. ரயிலிலும் போகலாம். ஆனால் மழைக்காலத்தில் மண்சரிவால் மலையகப் பாதையில் ரயில் தடைப்படுவதுண்டு, விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம் வரும். மலையகப் பாதையின் மிக நீளமான சுரங்கம் அது.

ஹட்டனில் நுவரெலியா அல்லது தலவாக்கலை பஸ்ஸில் ஏறி, கொட்டகலையைத் தாண்டி பத்தனைச் சந்தியில் இறங்குங்கள். ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கும் ஊர் என்றால் நடத்துநருக்குத் தெரியும். மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்காக ஜேர்மன் உதவியுடன் கட்டப்பட்ட கல்லூரி அது. சந்தியில் தேநீர்க் கடைகள் இருக்கின்றன. ஒரு பிளேன்டீயும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, ஏ7 பிரதான வீதியில் தலவாக்கலைப் பக்கமாக நடக்கத் தொடங்கினால் போதும். முதலில் டெவோன், அங்கிருந்து சுமார் 3 கிலோமீற்றரில் சென்கிளயர், அதிலிருந்து இன்னொரு 3 கிலோமீற்றரில் தலவாக்கலை நகரம். நின்று பார்த்து, ஆட்களோடு பேசிக்கொண்டு போனால் அரை நாள் பிடிக்கும். களைத்துப்போனால் எந்த இடத்திலும் பஸ்ஸை மறிக்கலாம்.

டெவோன்: அருவியும் ஒரு மே மாதமும்

சந்தியிலிருந்து சிறிது தூரத்திலேயே பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் டெவோன் நீர்வீழ்ச்சி தெரியத் தொடங்கும். உயரம் 97 மீற்றர். மெலிந்த அருவி, பாறையில் படிப்படியாக இறங்கி, கீழே கொத்மலை ஓயாவைத் தேடிப் போகிறது. பக்கத்துத் தோட்டத்தை வைத்திருந்த டெவோன் என்ற கோப்பித் துரையின் பெயர்தான் அருவிக்கும் வந்தது என்பார்கள். இந்த மலைகளில் முதலில் இருந்தது கோப்பி. 1869இல் இலைநோய் பரவத் தொடங்கி சில வருடங்களில் கோப்பி அழிந்தபோது, அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. துரைமார் பயிரை மாற்றினார்கள். வேலை செய்த ஆட்கள் மாறவில்லை.

வீதியோரத்தில் கோட்டை வடிவில் ஒரு தேயிலை விற்பனை நிலையம் நிற்கிறது. அதன் வாசலில், 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெரிய சிலை இருக்கிறது. உல்லாசப் பயணிகள் அதற்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் இதே டெவோன் தோட்டத்தோடு சேர்ந்த இன்னொரு பெயரை அங்கே வருகிற எவருக்கும் யாரும் சொல்வதில்லை.

சிவனு லெட்சுமணன். 1977ஆம் ஆண்டு, நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்க அன்றைய அரசாங்கம் முயன்றது. தேயிலை போனால் வேலை போகும், வேலை போனால் லயமும் போகும் என்பது தொழிலாளருக்குத் தெரியும். தோட்டங்களில் எதிர்ப்பு எழுந்தது. மே 11ஆம் திகதி டெவோன் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். அதற்குப் பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது மிகவும் பிந்தி. அம்மாயி இதை ஒருநாளும் சொன்னதில்லை. மே மாதம் என்றால் நம் எல்லோருக்கும் முள்ளிவாய்க்கால்தான். டெவோன் தோட்டத்துக்கும் ஒரு மே மாதம் இருக்கிறது என்பது, வன்னியில் வளர்ந்த மலையகப் பிள்ளையான எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

மே மாதத்தில் காணி காப்பாற்றப்பட்டது. ஓகஸ்டில் வன்செயல் வந்தது. அம்மாயி போன்றவர்கள் வடக்கே பஸ் ஏறினார்கள். அதற்கு முன்பே 1973, 74 பஞ்சகாலத்தில் ஒரு தொகுதியினர் வன்னிக்கு வந்திருந்தார்கள். 1983இல் மேலும் பலர் வந்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. "தமிழன் இருக்கிற இடத்துல இருந்தா அடிவாங்க மாட்டோம்னு நெனைச்சு வந்தோம்" என்று அம்மாயி சொல்வார். மிச்சக் கதை இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும்.

தோட்டத்தின் ஓரமாக

டெவோனிலிருந்து சென்கிளயர் வரையான நடை அழகானது, கவனமும் தேவையானது. வளைவுகள் அதிகம், நடைபாதை எல்லா இடத்திலும் கிடையாது. வாகனங்கள் எதிரே வரும் பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக நடவுங்கள். பனிமூட்டம் இறங்கினால் ஒதுங்கி நின்றுவிடுவது நல்லது.

வீதிக்கு மேலும் கீழும் தேயிலை மலைகள். அவற்றுக்குள் கவ்வாத்து வெட்டிய மலை மட்டும் மொட்டையாக, குச்சிகளாகத் தெரியும். நான் போனபோது மத்தியானக் கொழுந்து நிறுக்கும் நேரம். நிறுத்துவிட்டு வந்த, அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, தலையில் படங்குத் துண்டோடு வீதியோரம் உட்கார்ந்திருந்தார்.

"எங்கேருந்து தங்கச்சி வர்றீங்க?"

கிளிநொச்சி என்றேன். அம்மாயியின் கதையையும் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க சின்னம்மா குடும்பமும் அந்தப் பக்கந்தான் போச்சு. கடைசிச் சண்டைக்கப்புறம் ஒரு சேதியும் இல்ல" என்றார். அவர் சொன்ன பெயர்களைக் குறித்துக்கொண்டேன். கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னேன். அதைத் தவிர என்ன சொல்ல முடியும்?

சம்பளத்தைப் பற்றிக் கேட்டேன். மலையகத்தில் ஒரு நாள் சம்பளத்தை 'பேர்' என்பார்கள். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. "சம்பளம் ஏறுனா கிலோவும் ஏறுது தங்கச்சி" என்றார் அந்த அம்மா.

அண்மைக்காலமாக இந்த மலைகளில் நடப்பதற்கென்றே வெளிநாட்டவர் வருகிறார்கள். கண்டியிலிருந்து நுவரெலியா வரை தேயிலைத் தோட்டங்கள் வழியாக 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாக 'பீக்கோ ட்ரெயில்' என்ற நடைவழி அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த வழியின் பெரும்பகுதி தொழிலாளர் வெட்டிய, கொழுந்து சுமந்த பழைய தோட்டப் பாதைகள்தான்.

சென்கிளயர்: அளந்து விடும் தண்ணீர்

வளைவொன்றில் திரும்பியதும் சென்கிளயர் முன்னால் வந்து நின்றது. 80 மீற்றர் உயரம். இலங்கையின் மிக அகலமான நீர்வீழ்ச்சிகளில் ஒன்று. 'இலங்கையின் சின்ன நயாகரா' என்றும் சொல்வார்கள். கொத்மலை ஓயா முழுவதுமாகப் பாறையில் விரிந்து மூன்று கட்டமாக விழுவதே இதன் அழகு. வீதியோரத்தில் நின்று பார்க்க இடம் இருக்கிறது. கீழே இறங்க வேண்டாம். பாறை வழுக்கும், அணையிலிருந்து நீர் திறந்தால் ஆறு சட்டென்று பெருகும்.

அணை மேலே தலவாக்கலையில் இருக்கிறது. மேல் கொத்மலை நீர்மின் திட்டம். ஜப்பானியக் கடனுதவியில் 2006இல் வேலை தொடங்கி 2012இல் இயங்கத் தொடங்கியது. 150 மெகாவாட். ஆற்றை அணையில் மறித்து, சுமார் 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தால் கீழேயுள்ள மின்நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அப்படிப் போகும் தண்ணீர் அருவிக்கு வராது. ஆரம்பத் திட்டத்தில் டெவோன் உட்பட வேறு அருவிகளின் நீரும் திருப்பப்படுவதாக இருந்தது. பல வருட எதிர்ப்புக்குப் பிறகு அது சுருக்கப்பட்டது. சென்கிளயருக்குப் பகல் வேளையில் குறிப்பிட்ட அளவு நீரைத் திறந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அதாவது, பார்க்க ஆள் வரும் நேரத்தில் அருவி விழும்.

மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போர்க்காலத்தில் வருடக்கணக்காக மின்சாரமே இல்லாமல் குப்பி விளக்கில் படித்தவர்கள் நாங்கள். அதன் அருமை தெரியும். ஆனால் இழப்பு யாருடையது என்பதையும் சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டும்.

வீதியோரம் அவித்த சோளம் விற்ற ஓர் அண்ணனிடம், "ராவில சத்தம் கேக்குமா?" என்று விசாரித்தேன். நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. "மழை காலத்துல அணை நெறைஞ்சு வழிஞ்சா கேக்கும். மத்த நாள்ல ராவுக்கு என்ன சத்தம்? சின்ன வயசுல கேட்டிருக்கோம்" என்றார்.

அம்மாயி சொன்ன சத்தம் இப்போது அங்கேயும் இல்லை.

போவதற்கு முன்

தென்மேல் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரை அருவிகளில் தண்ணீர் அதிகம், வழியும் வழுக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை நடப்பதற்கு இலகு, தண்ணீர் குறைவு. காலை எட்டு மணிக்கு முன் தொடங்கினால் பனிமூட்டத்துக்கு முந்திவிடலாம். தலவாக்கலை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரம். வன்னி வெயிலுக்குப் பழகியவர்களுக்குக் குளிரும். கம்பளிச் சட்டை, குடை, பிடிமானமுள்ள சப்பாத்து தேவை. ஈரப் புல்லில் அட்டை இருக்கும். உப்பு அல்லது சவர்க்காரம் கையில் வைத்திருங்கள்.

கனமழை நாட்களில் போகவே வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறக்கக் கூடாது.

பிரதான வீதியை விட்டுத் தோட்டத்துக்குள் போவதென்றால் கேட்டுவிட்டுப் போங்கள். கொழுந்து பறிக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். முகாம் வேலிக்கு வெளியே நின்று யார் யாரோ நம்மைப் படம் எடுத்தபோது எப்படி இருந்தது என்பது நமக்குத் தெரியும்தானே.

உறவினரைத் தேடிப் போகிறவர்கள் தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். ஒரே தோட்டத்தில் பல டிவிஷன்கள் இருக்கும். கோயிலிலோ, பிள்ளைக் காம்பராவிலோ, பழைய கங்காணி வீட்டிலோ விசாரித்தால் பெரும்பாலும் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். கேட்கக்கூடிய முதியவர்கள் இரு பக்கமும் குறைந்துகொண்டே போகிறார்கள். தள்ளிப்போடாதீர்கள்.

தண்ணீர் போகும் இடம்

சென்கிளயரில் விழும் கொத்மலை ஓயா மகாவலியில் சேர்கிறது. மகாவலி கிழக்கே ஓடி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. அதன் ஒரு கிளைதான் வெருகல் ஆறு. அங்கேயிருக்கிறது மாவிலாறு, 2006இல் அதன் மதகு மூடப்பட்டதோடு தொடங்கிய சண்டைதான், மூன்று வருடங்களின் பின் எங்களை மெனிக் பாமில் வாளியோடு வரிசையில் நிறுத்தியது.

தலவாக்கலையில் பஸ் ஏறும்போது மாலை ஐந்தரை. ஜன்னல் வழியே நீர்த்தேக்கம் அசையாமல் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும், அந்த அம்மா சொன்ன பெயர்களை எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு பெயர்களை ஒருவர் தெரியும் என்றார். ஒருவர் தருமபுரத்தில் இருக்கிறாராம். மற்றவரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.